ஸ்விட்ச்சில் சூடு, பல்பில் மினுக்கல்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டு மின்சாரம் பற்றி வந்த கடிதங்களில் ஸ்விட்ச் தொடர்பானவை அதிகம் என்பதால் இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில்.

கீழே எதைப் படித்துவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தாலும் அதற்கு முன் இது. மெயினை இறக்கிவிட்டால் வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது என்று நம்ப வேண்டாம். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயின் போன மறுநொடி இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் வந்து நிற்கும். லைட், ஃபேன் ஸ்விட்ச்செல்லாம் பெரும்பாலும் அந்த லைனில்தான் இருக்கும். ஆகவே இரண்டையும் அணையுங்கள். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் ஒரு சாக்கெட்டில் வைத்து எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, அதன் பிறகு மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, திறந்த போர்டின் ஒவ்வொரு முனையிலும் வையுங்கள். மூன்று ஃபேஸ் வீடுகளில் ஒரே போர்டுக்குள் இரண்டு ஃபேஸ் வந்திருப்பது உண்டு. ஒரு ஸ்விட்ச்சில் எரியவில்லை என்பதால் பக்கத்து ஸ்விட்ச்சும் செத்துவிட்டதாக அர்த்தமில்லை. மீட்டரும் அதற்கு முன்னால் உள்ளவையும் மின்வாரியத்தின் பொறுப்பு, அதில் நாம் கை வைக்கக் கூடாது.

வாசகி, ஈரோடு: குளியலறை கீசரின் 16 ஆம்பியர் ஸ்விட்ச்சை ஒரே வருடத்தில் இரண்டு முறை மாற்றியாயிற்று. மறுபடியும் பத்து நிமிடம் ஓடினாலே கை வைக்க முடியாத சூடு, மீன் கவிச்சி மாதிரி ஒரு வாடை. நல்ல கம்பெனி ஸ்விட்ச்தான் போட்டோம். எங்கே தப்பு?

ஸ்விட்ச்சில் இருக்க வாய்ப்பு குறைவு. ஸ்விட்ச் இரண்டு முறை மாறிவிட்டது. ஒயரும் சாக்கெட்டும் பிளக்கும் மாறவே இல்லை. அங்கேதான் தேட வேண்டும். அந்தக் கவிச்சி வாடை, ஸ்விட்ச், சாக்கெட் செய்யும் கெட்டி பிளாஸ்டிக் கருகத் தொடங்கும்போது வருவது. அந்த வாடை வந்த பிறகு காரணம் தெரியும்வரை கீசரைப் போடாதீர்கள்.

2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும், 3000 வாட் என்றால் 13 ஆம்பியர். ஒயர் நன்றாக இறுகியிருக்கும் இடத்தில் தடை ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான், சூடு தெரியாது. அதே இடம் லூஸாகி 0.1 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 8.7 × 8.7 × 0.1, அதாவது ஏழரை வாட். கேட்கச் சின்னதுதான். ஆனால் காற்றுப் புகாத டப்பாவுக்குள், பட்டாணி அளவுப் பித்தளைத் துண்டு ஒன்றில் அவ்வளவும் சேருகிறது. சூட்டில் செம்பு கறுக்கும். கறுத்தால் தடை கூடும். தடை கூடினால் சூடு இன்னும் கூடும். புது ஸ்விட்ச்சைக் கறுத்த ஒயரில் மாட்டினால் அதுவும் ஆறு மாதம்தான்.

மெயினை இறக்கி, டெஸ்டர் பார்த்து, போர்டைக் கழற்றுங்கள். ஒயரின் முனை எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். செம்பு பளிச்சென்று இருக்க வேண்டும். கறுத்தோ, பச்சை பூத்தோ, மேல் உறை சுருங்கி விறைத்தோ இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, பளபளப்பான செம்பு தெரியும் இடம்வரை போங்கள். சுரண்டிப் பயன்படுத்துவது வேண்டாம். வெட்டியதில் ஒயர் நீளம் பற்றாமல் போனால் முறுக்கி டேப் சுற்றி நீட்டாதீர்கள், கீசர் லைனில் நடுவில் ஜாயின்ட்டே கூடாது. புது ஒயர் இழுக்க வேண்டும்.

உறையை 10 முதல் 12 மில்லிமீட்டர் உரித்து, இழைகளை ஒன்றாக முறுக்கி, ஒருமுறை மடித்து முனையில் நுழைத்து இறுக்குங்கள். இங்கே இரண்டு தவறுகள் சகஜம். உறையோடு சேர்த்து ஸ்குரூ கடிப்பது ஒன்று. அன்றைக்குக் கெட்டியாக நிற்கும், சூட்டில் பிளாஸ்டிக் இளகியதும் லூஸாகிவிடும். உரிக்கும்போது பாதி இழைகளை வெட்டிவிடுவது இன்னொன்று. இறுக்கிய பிறகு ஒயரைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நல்ல எலக்ட்ரீஷியனின் பழக்கம். அதைச் செய்யாதவரிடம் நீங்களே கேட்டுச் செய்யச் சொல்லலாம்.

அடுத்தது பிளக்கும் சாக்கெட்டும். மூன்று பின்னில் ஒன்று மட்டும் பழுப்பேறியிருந்தால் சாக்கெட்டின் உள்ளே அந்தப் பக்கத்துப் பித்தளைக் கவ்வி தளர்ந்துவிட்டது. பிளக்கைச் செருகும்போது இறுக்கமே இல்லாமல் போய் உட்காருவதும் அதே அறிகுறி. இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். பழுப்பேறிய பின்னைப் புதுச் சாக்கெட்டில் செருகினால் புதுக் கவ்வியையும் அது கெடுத்துவிடும். பிளக்கைத் திறந்து உள்ளே உள்ள ஸ்குரூவையும் பாருங்கள். கம்பெனியில் மாட்டியபடியே வருடக்கணக்கில் யாரும் தொடாத இடம் அது.

கடைசியாக ஒயரின் தடிமன். பல வீடுகளில் குளியலறை லைட் ஸ்விட்ச்சிலிருந்து 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் லூப் எடுத்து 16 ஆம்பியர் ஸ்விட்ச்சுக்குக் கொடுத்திருப்பார்கள். 2000 வாட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர், 3000 வாட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்) பெட்டியிலிருந்து தனி லைனாக வர வேண்டும். எம்.சி.பி. முறையே 16, 20 ஆம்பியர். இதையெல்லாம் சரிசெய்த பிறகும் பிளக், சாக்கெட் தொல்லையே வேண்டாம் என்றால், ஃபேஸ் (கரண்ட் வரும் ஒயர்), நியூட்ரல் (அது திரும்பும் ஒயர்) இரண்டையும் சேர்த்து வெட்டும் டி.பி. ஸ்விட்ச் போட்டு, கீசர் ஒயரை அதிலேயே நேரடியாக இறுக்கிவிடலாம். கீசருக்கு நம் ஓட்டு இதற்குத்தான்: சூடாகக்கூடிய இடங்களில் நான்கைந்து ஒரேயடியாகக் குறைகின்றன.

வாசகர், அம்பத்தூர்: எல்.இ.டி. பல்பை அணைத்த பிறகும் இரவில் மங்கலாக எரிகிறது. வேறொரு அறையில் சில விநாடிக்கு ஒருமுறை மினுக்குகிறது. பல்பை மாற்றியும் அப்படியே.

பல்பின் மேல் தப்பில்லை. அணைத்த பிறகும் லைனில் துளிக் கரண்ட் கசிகிறது. பழைய குண்டு பல்புக்கு இந்த அளவுக் கசிவு தெரியவே தெரியாது, எல்.இ.டி.க்கு ஒரு மில்லியாம்பியரில் சிறு பங்கே போதும்.

மினுக்கும் அறையில் ஸ்விட்ச்சிலேயே சின்னச் சிவப்பு விளக்கு இருக்கிறதா பாருங்கள். ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது எரியும் அந்த இண்டிகேட்டர், பல்பின் வழியாகத்தான் தன் மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. பல்புக்குள் இருக்கும், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கண்டென்சர் அந்தத் துளிக் கரண்ட்டில் மெல்ல நிரம்பி, நிரம்பியதும் ஒரு மினுக்கு. மறுபடி நிரம்பும், மறுபடி மினுக்கு. இண்டிகேட்டர் இல்லாத ஸ்விட்ச் மாற்றினால் தீர்ந்தது.

மங்கலாகத் தொடர்ந்து எரியும் அறைதான் கவலைக்குரியது. அங்கே ஸ்விட்ச் ஃபேஸை வெட்டாமல் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருக்கலாம். பல்பு அணையும், ஆனால் ஹோல்டரில் எப்போதும் ஃபேஸ் நிற்கும். பல்பு மாற்ற ஏறியவர் ஷாக் வாங்குவது இப்படித்தான். சோதனை எளிது: ஸ்விட்ச்சை அணைத்து, பல்பைக் கழற்றிவிடுங்கள். கைகள் உலர்ந்திருக்க, காலில் ரப்பர் செருப்போடு, ஸ்விட்ச் முனைகளில் டெஸ்டர் வையுங்கள். ஒரு முனையில் பளிச்சென்று எரிந்தால் ஃபேஸ் ஸ்விட்ச்சுக்கு வருகிறது, சரி. இரண்டிலுமே எரியவில்லை என்றால் ஸ்விட்ச்சில் இருப்பது நியூட்ரல். போர்டைத் திறந்துவைத்துக் கரண்ட்டோடு செய்யும் சோதனை என்பதால் பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஒயரை மாற்றித் தர அவருக்கு ஒரு மணி நேர வேலை.

ஃபேஸ் சரியாக இருந்தும் மங்கல் எரிகிறதென்றால், அணைந்த ஒயர் கரண்ட் உள்ள ஒயரோடு ஒரே பைப்பில் நீண்ட தூரம் ஒட்டிப் போகிறது. பக்கத்து ஒயரிலிருந்து தூண்டல் வருகிறது. ஆபத்தில்லை. கண்ணை உறுத்தினால் பல்பு ஹோல்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபேரட், 275 வோல்ட் ஏ.சி., எக்ஸ்2 வகைக் கண்டென்சர் ஒன்றைச் சேர்த்தால் நின்றுவிடும். பல்புக்குக் குறுக்கேதான், ஸ்விட்ச்சுக்குக் குறுக்கே அல்ல. அப்படிப் போட்டால் மங்கல் இன்னும் கூடும்.

வாசகர், கும்பகோணம்: மாடிப்படி லைட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஸ்விட்ச். போன வாரம் கீழ் ஸ்விட்ச்சை மாற்றினோம். அதிலிருந்து மேல் ஸ்விட்ச் ஒரு பக்கம் இருந்தால்தான் கீழே வேலை செய்கிறது.

இரண்டு ஸ்விட்ச்சுக்கும் சேர்த்து நான்கு நிலைகள் உண்டு: ஒவ்வொன்றையும் மேலும் கீழுமாக மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். சரியான இணைப்பில் நான்கில் இரண்டில் லைட் எரியும். உங்களுக்கு ஒன்றில் மட்டும்தான் எரிகிறது என்று ஊகிக்கிறோம். மாற்றிய கையோடு வந்த கோளாறு என்பதால் காரணமும் தெளிவு: காமன் முனைக்கு (ஸ்விட்ச்சின் இரண்டு நிலைக்கும் பொதுவான முனை) வர வேண்டிய ஒயர் வேறு முனைக்குப் போய்விட்டது.

டூ-வே ஸ்விட்ச்சில் மூன்று முனை. பழைய வகையில் நடுவில் இருப்பது காமன். மாடுலர் வகையில் எல்லாக் கம்பெனிக்கும் அப்படி இருக்காது. பழையதில் நடுவில் இருந்ததால் புதியதிலும் நடுவில் மாட்டியிருப்பார்கள். ஸ்விட்ச்சைக் கழற்றி மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து இரண்டிரண்டு முனையாகத் தொடுங்கள். எந்த முனை ஒரு நிலையில் ஒன்றோடும், மறு நிலையில் இன்னொன்றோடும் பீப் தருகிறதோ அதுதான் காமன். கீழ் ஸ்விட்ச்சின் காமனில் ஃபேஸ் ஒயர், மேல் ஸ்விட்ச்சின் காமனில் லைட்டுக்குப் போகும் ஒயர் (சில வீடுகளில் தலைகீழ்). மீதி இரண்டு ஒயரும் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகிறவை. அவை தமக்குள் இடம் மாறினால் பாதகமில்லை.

எதையும் மாற்றாமல் தானாகவே ஒருநாள் இப்படி ஆகியிருந்தால் பதில் வேறு. நான்கில் ஒன்றில் மட்டும் எரிவது அப்போதும் அப்படியேதான் இருக்கும், ஆனால் காரணம் இரண்டு இணைப்பு ஒயர்களில் ஒன்று கழன்றதோ, ஒரு ஸ்விட்ச்சின் ஒரு பக்கத் தொடுமுனை தேய்ந்ததோ ஆகும். இனி யார் ஸ்விட்ச் மாற்ற வந்தாலும், கழற்றும் முன் காமன் ஒயரில் ஒரு துண்டு டேப் சுற்றிவிடச் சொல்லுங்கள்.

வாசகி, நாகர்கோவில்: ஃபேன் 5-இல் மட்டும் ஓடுகிறது. 1, 2, 3-இல் வைத்தால் நின்றுவிடுகிறது. ஃபேனைக் கழற்ற வேண்டுமா?

வேண்டாம். ஐந்து படி வைத்த ரெகுலேட்டரில் 5 என்பது நேர் இணைப்பு. கீழ்ப்படிகள் உள்ளே இருக்கும் கண்டென்சர்கள் வழியாகப் போகின்றன. 5-இல் நன்றாக ஓடி மற்றவற்றில் நின்றால் ரெகுலேட்டர்தான் போய்விட்டது. அதைப் பிரித்துப் பழுது பார்ப்பதில் லாபமில்லை, முழுதாக மாற்றுங்கள்.

5-இல் வைத்தும் மெதுவாக ஓடினால், அல்லது குச்சியால் தள்ளிவிட்ட பிறகே சுற்றத் தொடங்கினால், ஃபேன் தண்டின் மேல் கிண்ணத்துக்குள் இருக்கும் கண்டென்சர் பலவீனம். சாதாரண சீலிங் ஃபேன்களில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபேரட், 440 வோல்ட். ஆனாலும் பழையதில் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்து அதையே வாங்குங்கள். வேகம் கூடும் என்று 4 மைக்ரோஃபேரட் போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். காயில் சூடேறுவதுதான் மிச்சம்.

கண்டென்சரின் இரண்டு ஒயரையும் வெறும் கையால் தொடும் முன், உறை போட்ட ஸ்குரூ டிரைவரால் இரண்டையும் ஒருமுறை சேர்த்துத் தொட்டுவிடுங்கள். மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். புதிதாக பி.எல்.டி.சி. ஃபேன் வாங்கியவர்கள் ரெகுலேட்டரையே லைனிலிருந்து எடுத்துவிட்டு ஸ்விட்ச்சிலிருந்து நேராகக் கொடுக்க வேண்டும். 5-இல் வைத்துவிட்டோம் என்று விட்டுவைத்தால், யாராவது திருப்பும் அன்றைக்கு ஃபேனுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்குத்தான் கேடு.

வாசகர், சிவகாசி: ஸ்விட்ச்சைப் போடும்போது உள்ளே நீலப் பொறி தெரிகிறது. ஆபத்தா?

போடும்போதும் அணைக்கும்போதும் கண நேரம் தெரியும் சின்னப் பொறி இயல்பானது. ஃபேன், சோக் வைத்த டியூப் லைட் போன்றவற்றை அணைக்கையில் கொஞ்சம் கூடத் தெரியும். போட்ட பிறகும் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் நிற்காவிட்டால், லைட் நடுங்கினால், ஸ்விட்ச்சை லேசாக அழுத்தினால் சத்தம் மாறினால், அன்றைக்கே மாற்றுங்கள்.

வாசகி, சேலம்: மிக்ஸி அரைத்துக்கொண்டிருக்கும்போதே நின்றது. சில நாள் குமிழைப் பிடித்துக்கொண்டால்தான் ஓடும். கடையில் மோட்டார் மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

மோட்டார் வரை போவதற்கு முன் பார்க்க நாலைந்து இடம் இருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைக் கவிழ்த்து அடியில் பாருங்கள். சிவப்பாகவோ கறுப்பாகவோ சின்னப் பொத்தான் இருக்கும். சுமை அதிகமானால் தானே வெளியே தள்ளிக்கொண்டு மோட்டாரைக் காப்பாற்றும் பொத்தான் அது. ஐந்து நிமிடம் ஆறவிட்டு உள்ளே அழுத்துங்கள். இட்லி மாவைத் தண்ணீர் காணாமல் கெட்டியாகப் போட்டாலோ, சின்ன ஜாரை நிரப்பி வைத்தாலோ இதுதான் நடக்கும். காலி ஜாரில் ஓடவிட்டும் பொத்தான் தள்ளினால் ஜாரின் அடி புஷ் இறுகியிருக்கலாம்: ஜாரைக் கையில் எடுத்து பிளேடை விரல் படாமல் கீழ்ப் பக்கத்திலிருந்து சுற்றிப் பாருங்கள், தடையில்லாமல் சுழல வேண்டும்.

குமிழைப் பிடித்தால்தான் ஓடுகிறது என்கிறீர்களே, முதலில் குமிழையே பாருங்கள். இழுத்தால் கையோடு வந்துவிடும். ஸ்விட்ச் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். குமிழின் துளையும் அதே வடிவில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தேய்ந்து துளை வட்டமாகிவிட்டால் குமிழ் திரும்பும், தண்டு பாதியிலேயே நிற்கும். ஸ்விட்ச் கெட்டது என்று சொல்லப்படுகிற மிக்ஸிகளில் சில இந்தக் குமிழோடு முடிந்துவிடுகின்றன. இடுக்கியால் தண்டைத் திருப்பினால் ஒழுங்காக ஓடுகிறது என்றால் புதுக் குமிழ் போதும்.

குமிழும் சரிதான் என்றால் ஸ்விட்ச். மிக்ஸியின் வேகங்கள் ஒவ்வொன்றும் மோட்டார் காயிலின் வேறு வேறு இடத்திலிருந்து வரும் தனித்தனி ஒயர். அதனால் எந்த நிலையில் ஓடுகிறது, எதில் ஓடவில்லை என்பதே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். ஒரு வேகம் மட்டும் இல்லை, மற்றவை உண்டு: அந்தப் பக்கத்துத் தொடுமுனையோ அதன் ஒயரோ. இடப் பக்கம் திருப்பிப் பிடிக்கும் விப்பரில் ஓடுகிறது, 1, 2, 3 எதிலும் இல்லை: ஸ்விட்ச். எதிலுமே இல்லை: பிளக் ஒயர், அடிப் பொத்தான், கார்பன் பிரஷ் இவற்றில் ஒன்று. மல்டிமீட்டர் உள்ளவர்கள் பிளக்கைப் பிடுங்கிய நிலையில் அதன் இரண்டு பின்களில் ஓம்ஸ் பார்த்துக்கொண்டே குமிழைத் திருப்பலாம். ஒவ்வொரு நிலையிலும் சிறிய அளவு ஒன்று காட்ட வேண்டும், காட்டாத நிலையில் பாதை அறுந்திருக்கிறது.

ஸ்விட்ச்சைக் கழற்றும் முன் ஒயர்களை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயர் நிறங்களுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு கணக்கு. கடைக்குப் பழைய ஸ்விட்ச்சையே கொண்டுபோய், முனைகளின் எண்ணிக்கை, தண்டின் நீளம், தட்டை வெட்டு இருக்கும் பக்கம் மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். மாவுக் கையோடு குமிழைத் திருப்புவதும், ஜார் வழிந்த தேங்காய்ப்பால் தண்டு வழியே இறங்குவதும்தான் இந்த ஸ்விட்ச்சுகளைக் கெடுக்கின்றன. கறுத்த தொடுமுனைகளில் ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வாசகர், திருவள்ளூர்: 16 ஆம்பியர் பிளக்கை 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகும் கன்வெர்ஷன் பிளக் போட்டு இண்டக்ஷன் அடுப்பு ஓட்டுகிறோம். பிளக் சூடாகிறது. நல்ல கன்வெர்ஷன் பிளக் எது?

எதுவும் இல்லை. 2000 வாட் அடுப்பு முழு வேகத்தில் 8.7 ஆம்பியர் இழுக்கும்; சாக்கெட்டும் ஸ்விட்ச்சும் 6-க்குச் செய்தவை, பின்னால் வரும் ஒயரும் அப்படியே. தூக்கிப் போட்டுவிட்டு 16 ஆம்பியர் சாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரோடு. முன்பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஒயரை விட்டுவைப்பது இன்னும் மோசம், ஏனென்றால் சூடு சுவருக்குள் போய்விடும், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது.

வாசகி, கடலூர்: மழைக்காலத்தில் ஸ்விட்ச் போர்டு ஸ்குரூவில் டெஸ்டர் வைத்தால் லேசாக எரிகிறது. ஈரச் சுவரைத் தொட்டால் சுரீர் என்கிறது. ஸ்விட்ச்செல்லாம் மாற்றிவிடலாமா?

ஸ்விட்ச் மாற்றிப் பயனில்லை. அந்தப் போர்டுக்கான எம்.சி.பி.யை இப்போதே இறக்கிவிட்டு மற்றதைப் படியுங்கள்.

சுவருக்குள் பதித்த பைப்பில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அல்லது ஒயரின் உறை எங்கோ உரிந்து ஈரச் சுவரைத் தொடுகிறது. உள்ளே இரும்புப் பெட்டி இருந்து அதற்கு எர்த் கொடுக்காமல் விட்டிருந்தால் ஸ்குரூ வரை கரண்ட் வரும். டெஸ்டரின் மங்கல் வெளிச்சம் சில சமயம் வெறும் தூண்டலாலும் வரலாம் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் கை சுரீர் என்று உணர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு டெஸ்டரின் பேச்சு எடுபடாது.

எலக்ட்ரீஷியன் வந்ததும் மெகர் வைத்து ஒயரின் உறைத் தடையைப் பார்க்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரால் இது பிடிபடாது: அது சில வோல்ட்டில் அளக்கும், மெகர் 500 வோல்ட்டில் அளக்கும். மொட்டைமாடியில் பைப் வாய் திறந்திருக்கிறதா, போர்டுக்கு நேர் மேலே சன்ஷேடில் தண்ணீர் தேங்குகிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். அதை அடைக்காமல் ஒயர் மாற்றினால் அடுத்த ஐப்பசிக்கு இதே கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

இதோடு 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்துக்கொள்ளுங்கள். எம்.சி.பி. இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். எம்.சி.பி. ஒயர் எரியாமல் காப்பது, ஆளைக் காப்பது அதன் வேலையில்லை. உயிரைப் பறிக்கப் போதுமான கரண்ட் அதன் கண்ணில் படவே படாது. ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது ஆர்.சி.சி.பி. அதிலுள்ள ‘டி’ பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அழுத்துங்கள், சட்டென்று விழ வேண்டும். புதிதாக வைத்ததும் அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி நேர் இணைப்பு கொடுத்துக்கொள்ளும் வீடுகள் இருக்கின்றன. விழுவதற்குக் காரணம் கசிவு. கழற்ற வேண்டியது கசிகிற பொருளை.

வாசகர், போடி: போர்டுக்குள் எறும்பு. ஸ்விட்ச் போட்டால் சில நேரம் எரிவதில்லை. மஞ்சள் தூள் போடலாமா?

போடக் கூடாது. எந்தத் தூளும் ஈரம் இழுத்துத் தொடுமுனைக்கு நடுவே பாதை போட்டுவிடும். பூச்சி ஸ்பிரேயும் வேண்டாம், அது தீப்பிடிக்கும் வாயுவில் வருவது. மெயினை இறக்கி, திறந்து, உலர்ந்த பெயின்ட் பிரஷால் தட்டி எடுங்கள். ஸ்விட்ச்சின் உள்ளேயே செத்த எறும்பு சிக்கியிருந்தால் அந்த ஸ்விட்ச் மட்டும் மாற்ற வேண்டும். எறும்பு வரும் வழி பைப்தான். போர்டுக்குள் பைப் திறக்கும் வாயில் ஒயரைச் சுற்றி எலக்ட்ரிக்கல் பட்டி வைத்து அடைத்துவிடுங்கள்.

வாசகர், பல்லடம்: கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஓடுகிறது. கையை எடுத்தால் நிற்கிறது.

பொத்தான் ஸ்டார்ட்டரை எழுப்பிவிடுவதோடு சரி. எழுந்த பிறகு அதைப் பிடித்து நிறுத்துவது கான்டாக்டரின் (மோட்டாருக்குக் கரண்ட்டைச் சேர்க்கும் காந்த ஸ்விட்ச்) பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஹோல்டிங் கான்டாக்ட். அது பச்சைப் பொத்தானுக்குப் பக்க இணைப்பாக இருக்கும். மெயின் இறக்கி மூடியைத் திறந்து, பச்சைப் பொத்தானிலிருந்து கான்டாக்டருக்குப் போகும் மெல்லிய ஒயர்களைப் பாருங்கள், ஒன்று கழன்றிருக்கும். எல்லாம் இறுக்கமாக இருந்தால் அந்தச் சின்னக் கான்டாக்ட் கரியேறியிருக்கிறது. பல மாடல்களில் அதைத் தனியாக மாற்றலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு; மேலே பூசிய வெள்ளிக் கலவை போய்விட்டால் ஒரு மாதத்தில் பழைய கதைதான்.

கையை எடுத்ததும் நிற்காமல் ‘கடகட’வென்று அடித்துக்கொண்டால் வோல்டேஜ் பாருங்கள். 230 வோல்ட் காயில் உறுதியாக இழுக்க அதில் 85 சதவீதம், அதாவது சுமார் 195 வோல்ட் வேண்டும். மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் மீட்டரைப் பார்க்க வேண்டும். ஓடாதபோது 220 காட்டிவிட்டுக் கிளம்பும்போது 180-க்கு விழுவது நீண்ட, மெல்லிய ஒயரின் அடையாளம். அப்போது ஸ்டார்ட்டரை எத்தனை முறை மாற்றினாலும் ஒன்றும் ஆகாது.

வாசகி, மதுரை: ஃபிரிட்ஜ் கதவை மூடிய பிறகும் உள்ளே லைட் எரிகிறதோ என்று சந்தேகம். ஒரு மூலையில் பொருள் சூடாக இருக்கிறது.

கதவோரத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை விரலால் அழுத்துங்கள். லைட் அணைந்தால் ஸ்விட்ச் நல்லது, கதவு அதை முழுதாக அழுத்தவில்லை: கீல் தொய்ந்திருக்கும், அல்லது ரப்பர் கேஸ்கெட் உப்பியிருக்கும். பொத்தான் முழுதாக உள்ளே போகாமல் ஒட்டிக்கொள்வதும் உண்டு, பால், குழம்பு சிந்திக் காய்ந்த பிசுக்கு. ஈரத் துணியால் துடைத்தால் சரியாகும். கதவில் பொத்தானே இல்லாத மாடல்களில் காந்தம் வைத்த சென்சார் இருக்கும். அதை சர்வீஸ் ஆளிடம் விட வேண்டியதுதான். மூடிய பிறகு உண்மையில் எரிகிறதா என்று பார்க்க, ஃபோனில் வீடியோ ஓடவிட்டு உள்தட்டில் சாய்த்து வைத்து ஒரு நிமிடம் கதவை மூடி எடுங்கள்.